முதுகைத் திருப்பிக் காட்டுங்கள், அம்மா

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், உறையூரில் எங்கள் தெருவில் ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் என்னைக் கூப்பிடுவது வழக்கம். கூப்பிடுகிறவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய சர்க்கரை அளவு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பள்ளிக்கூடம் போகும் பேத்தி வரை ஒப்பிக்கிறார்கள். அந்தப் பெரியவரின் முதுகையும் தொடையிடுக்கையும் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அரிக்கிறது என்று பெரியவர் சொன்னதும் மருந்துக்கடைக்கு ஆள் போகிறது. ஒரு ட்யூப் வருகிறது. அவரே கைக்கு எட்டிய மட்டும் தடவிக்கொள்கிறார். என்ன வந்திருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. முதியவர்கள் தோலால் படும் துன்பத்தில் பெரும்பங்கு இப்படிப் பார்க்காமல் பூசுவதால்தான் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்க்காமல் போவதற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கூச்சம்தான் முதல் காரணம். எதிர்வீட்டுப் பாட்டி கொஞ்ச நாளாகவே ரவிக்கையின் அடிப்பகுதியை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் பாசமாகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள். "பெற்ற பிள்ளையிடம் போய் இதைக் காட்டுவதா, கண்ணு? மருமகள் வேலைக்குப் போய்விட்டு அலுத்து வருகிறாள்" என்றார். கதவைச் சாத்திவிட்டு மார்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மடிப்பு முழுவதும் தோல் உரிந்து ஈரமாகப் பளபளத்தது. பிளவாக ஒரு வெடிப்பு. ஓரத்தைத் தாண்டிச் சிறு சிறு கொப்புளங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. புளித்த வாடை. கேண்டிடா என்னும் பூஞ்சைக் காளான் தொற்றின் அடையாளம் இது. ஓரத்தைத் தாண்டிய அந்தச் சின்னக் கொப்புளங்கள்தான் அதைக் காட்டிக்கொடுப்பவை. பாட்டி அதன்மேல் முகப்பவுடரைக் கொட்டியிருந்தார். வியர்வையில் பவுடர் கட்டிகட்டியாகி, இருந்த புண்ணை மேலும் உராய்ந்துகொண்டிருந்தது.

மருத்துவர் க்ளோட்ரிமசோல் களிம்பு எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருப்பதும் தெரிந்தது. மடிப்புகளில் இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். களிம்புக்கு இணையான மருந்து காற்றும் உலர்வும். குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, மெல்லிய துணிப் பட்டையாக மடித்து, மடிப்புக்குள் செருகி, நனைந்ததும் மாற்ற வேண்டும். ரவிக்கையை ஒரு தையல் தளர்த்த வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, தொப்பை மடிப்பு எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

இடுப்பையும் சொல்ல வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டுகள் உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிய பெண்களுக்கு அங்கே தோல் தடித்துக் கறுத்து, செதிலாகி, சிலருக்குப் புண்ணாகவும் ஆகிவிடுகிறது. கயிறு போன்ற நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டை தைத்துக்கொண்டாலே பாதி சரியாகும். அதே இடத்தில் ஆறாத புண் இருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அரிதாக அது புற்றாகவும் மாறும். ஆண்களுக்கு அரைஞாண் கயிறு. குளித்த பிறகு அது காய்வதே இல்லை. ஈரக் கயிற்றின் கீழே படர்தாமரை சுகமாகக் குடியிருக்கும். கழற்ற மனம் இல்லாத தாத்தாக்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. குளித்ததும் கயிற்றை நகர்த்தி அடியில் துடையுங்கள், பழைய கயிற்றை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்வேன். வெள்ளியில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

மருத்துவப் புத்தகங்களில் தோல் நோய் என்றால் "சிவந்த தடிப்பு" என்று எழுதியிருக்கும். படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். விரலால் வருடிச் சொரசொரப்பும் தடிப்பும் பாருங்கள். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோய் ஆறிய பிறகும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். அரிப்பும் செதிலும் போய்த் தடம் மட்டும் நின்றால் அது ஆறிய தழும்புதான். அதற்காக மீண்டும் களிம்பு தடவ வேண்டியதில்லை.

வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் நான் மிக அதிகமாகக் காண்பது வறட்சி. வயதாக ஆகத் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது, மேலடுக்கால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடிவதில்லை. மார்கழிப் பனியில் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பும். கவனிக்காமல் விட்டால் வற்றிய ஏரிப் படுகை போல வெடித்து, வெடிப்பின் ஓரம் எரியத் தொடங்கும். இரவில் அரிப்பு கூடும். சொறிந்த நகக்கீறல் வழியே கிருமி புகும்.

இதற்கு நம் வீடுகளில் நடக்கும் வைத்தியம் நேர் எதிரானது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நுரை பொங்கும் சோப்பு, பீர்க்கங்கூடு கொண்டு தேய்ப்பு, பக்கெட்டில் ஒரு மூடி கிருமிநாசினி. அரிக்கும் இடத்தில் வெந்நீர் படும்போது சுகமாக இருப்பது உண்மைதான். சற்று நேரத்தில் அரிப்பு இன்னும் கூடிவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் போதும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும் போதும். கைகாலுக்கும் முதுகுக்கும் தினமும் சோப்பு தேவையே இல்லை. துடைத்த தோலில் இன்னும் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், ஈரப்பசை தரும் களிம்பையோ தேங்காய் எண்ணெயையோ தடவ வேண்டும். காய்ந்துபோன தோலில் தடவினால் பலன் குறைவு. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் உதவுகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். விலை உயர்ந்த புட்டிகள் வாங்க முடியவில்லையே என்று யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, நறுமணம் சேர்க்காதது, வெடித்த குதிகாலுக்கு அருமையானது. தடவிய பாதத்தோடு குளியலறைத் தரையில் நடக்க விடாதீர்கள். காலுறை போட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பசைகள் புடவையிலும் போர்வையிலும் ஊறிவிடும். ஊறிய துணியில் தீப்பட்டால் வேகமாகப் பற்றும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. தினமும் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும் பாட்டிகள் உள்ள வீடுகள் நம்முடையவை. பூசிய பிறகு கை துடைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு விளக்கிடம் போகச் சொல்லுங்கள். அந்தத் துணிகளை அடிக்கடி துவையுங்கள்.

இனி அந்த ட்யூப். என் கோபம் முழுவதும் அதன்மேல்தான். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்றால் கையில் வருவது பெரும்பாலும் மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்த களிம்பு. காளானுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. பல சமயம் க்ளோபீட்டசால், பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலுவான வகை. முதல் இரண்டு நாளில் அரிப்பு மாயமாக மறையும். அதனால்தான் மக்கள் அதை நம்புகிறார்கள். அடியில் இருப்பது படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் காளான் தடையில்லாமல் பரவும். வளையம் வளையமாக இருக்க வேண்டிய அடையாளம் கலைந்து, மருத்துவரே கண்டுபிடிக்கத் திணறும் உருவத்துக்கு மாறிவிடும். ஏற்கெனவே மெலிந்த முதியவரின் தோல் இன்னும் மெலிந்து, தொட்டால் கன்றிப்போகும், இடுக்குகளில் கோடு கோடாகக் கிழியும்.

2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று அறிவித்தது. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டுகள் போராடியதன் விளைவு அது. அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது. ட்யூப் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே வழக்கமான மாத்திரைக்கு எளிதில் அடங்காத ஒரு படர்தாமரைக் காளான் நம் நாட்டில் பரவி, 2020-இல் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே தாங்கி அறிவியல் ஏடுகளில் ஏறிவிட்டது. டெர்பினாபின் என்னும் அந்த வழக்கமான மாத்திரை சில வாரங்களில் கேட்க வேண்டியது கேட்காமல் போகும் நோயாளிகளில் நம் பெற்றோர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை என்றால் எல்லோரையும் பார்க்க வேண்டும். துண்டும் சோப்பும் தனித்தனியாக வேண்டும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் பூச வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. இளையவர்களுக்கு விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று தெளிவாகத் தெரியும். முதியவர்களுக்கு முதுகில் சில கீறல்கள் மட்டும் இருக்கலாம். ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு என்பார்கள். "வயதானால் வருகிற அரிப்புதான்" என்று ஒதுக்கிவிடுவோம். முதல் முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எங்கிருந்து வந்ததென்று கண்டுபிடிக்க முடியாமல் போவது அதனால்தான். மருத்துவமனையில் சில நாள் படுத்திருந்தபோது வந்திருக்கலாம், பார்த்துக்கொள்ள வந்த உதவியாளர் வழியே வந்திருக்கலாம். அதில் யாரையும் பழிக்க ஒன்றுமில்லை. பெர்மெத்ரின் களிம்பை இரவில் கழுத்து முதல் பாதம் வரை, நக அடி, விரலிடுக்கு விடாமல் பூசிக் காலையில் கழுவ வேண்டும். முதியவர்களுக்குத் தலையிலும் காதுக்குப் பின்னாலும் சேர்த்துப் பூச மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஒரு வாரம் கழித்து மறுபடியும். முக்கியம் என்னவென்றால், வீட்டில் அரிப்பு இருப்பவர் இல்லாதவர் அத்தனை பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். துணிகளைச் சுடுநீரில் துவைக்கலாம். முடியாதவற்றை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டால் உண்ணி தானே செத்துப்போகும். உண்ணி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அக்கிக்கு வருகிறேன். சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதில் உடம்பு தளரும்போது எழுந்து வருவதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டையாக, கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள். நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும், குத்தும். நெஞ்சில் வந்தால் மாரடைப்போ என்று பயந்து ஓடுவார்கள். அந்த வலியை முதலில் இதயமாக நினைத்துப் பார்த்துவிடுவதும் சரிதான்.

நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிக்கல்லைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சிங்கம் வரைவதும் உண்டு. அந்த வழக்கத்தை நான் இகழமாட்டேன். குளிர்ந்த செங்காவி எரிச்சலுக்கு இதமாக இருந்திருக்கும், எழுதுகிறவரின் ஆறுதலான பேச்சும் மருந்தாக இருந்திருக்கும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். இன்று எழுதி, மூன்றாம் நாள் பார்த்து, ஐந்தாம் நாள் மருத்துவரிடம் போனால் அந்த நேரம் கடந்துவிடுகிறது. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு வலி தங்கிவிடும். ரவிக்கைத் துணி உரசினாலே துடிக்கும் அந்த வலியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் மருத்துவர், பிறகு வேண்டுமானால் காவி. அதுவும் உடையாத கொப்புளத்தின்மேல் மட்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கொப்புளம் காய்ந்து பொருக்கு கட்டும்வரை கைக்குழந்தையையும் கருவுற்ற பெண்ணையும் பக்கத்தில் விடாதீர்கள். அவர்களுக்குச் சின்னம்மையாகத் தொற்றலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அக்கித் தடுப்பூசி, இரண்டு தவணையாகப் போடுவது, 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலைதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய தடை. அரசு மருத்துவமனைகளில் முதியவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு வரும் ஒரு கொப்புள நோயைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். புல்லஸ் பெம்பிகாய்டு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவது. தொட்டால் உடையாத, விறைப்பாக நீர் கோத்த பெரிய கொப்புளங்கள். கொப்புளம் வருவதற்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பிருந்தே கடுமையான அரிப்பு மட்டும் இருக்கும். நம் ஊரில் சர்க்கரைக்கு அதிகமாகக் கொடுக்கப்படும் வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அரிப்பு தொடங்கிய காலத்தையும் மாத்திரை தொடங்கிய காலத்தையும் எழுதி எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள், மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

மருந்தால் வரும் தடிப்பு பொதுவாகப் புது மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். வலிப்பு மாத்திரைகள், யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால், சல்பா மருந்துகள், வலி மாத்திரைகள் எல்லாம் இந்த வரிசையில் உண்டு. தடிப்போடு வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல், தோல் உரிதல், தொட்டால் தோலே வலித்தல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

காலைப் பற்றிச் சுருக்கமாக. நரம்பு சுருண்ட கால்களில் கணுக்காலுக்கு மேலே கறுத்து, செதிலாகி, நீர் கசிவது ரத்தம் தேங்குவதால். பெரும்பாலும் இரு காலிலும் இருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று, தாமதிக்கக் கூடாது. ரத்தம் தேங்காமல் இருக்கப் போடும் இறுக்கமான காலுறையை, காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே போட வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ரெக்சின் விரிப்புதான் முதல் எதிரி. முதுகெல்லாம் வேர்க்குருவாகப் பொரியும். மேலே தடித்த பருத்தித் துணி விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். டயப்பர் போடுகிறவர்களுக்குச் சிறுநீரும் மலமும் பட்டுத் தோல் வேகும். சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பைத் தடவுங்கள். எலும்பு மேடான இடத்தில், இடுப்பின் பின்பக்கம், குதிகால் போன்றவற்றில் நிறம் மாறி, அழுத்தினாலும் மாறாமல் நின்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அன்றிலிருந்தே இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

வெளியில் நடக்கப் போகும் தாத்தாக்களுக்கு இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் மட்டும் தோல் தடித்து அரித்தால் சுற்றுவட்டாரத்தில் பார்த்தீனியம் இருக்கிறதா என்று பாருங்கள். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட களை அது. இன்று வெற்று மனை எல்லாம் அதன் வெள்ளைப் பூதான். கையால் பிடுங்க வேண்டாம்.

அரிப்புக்குத் தூக்க மாத்திரை போலக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின், ஹைட்ராக்சிசைன் வகைகளில் எனக்கு மிகுந்த பயம் உண்டு. முதியவருக்கு மயக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரும். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அரிப்பு ஒரு பொருட்டாகவே இருக்காது. தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பு முழுவதும் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை இவற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பார்ப்பதற்கு நமக்கு ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் முதுகு, மடிப்புகள், விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பார்த்துவிடலாம். அம்மாவுக்கு மகளோ மருமகளோ, அப்பாவுக்கு மகனோ பேரனோ. யாருமில்லாத வீட்டில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேளுங்கள். கேட்டவர்களுக்கு மறுத்ததை நான் பார்த்ததில்லை. புதிதாக எதையாவது கண்டால், பெரியவரிடம் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் செல்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் தடிப்பு மறைந்திருக்கலாம். கூடவே சாப்பிடும் மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்துப் பொட்டலம், வலி தைலம், இதுவரை தடவிய அத்தனை ட்யூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாதி பிதுக்கிய ட்யூபின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை மருத்துவர் முதலில் படிக்கட்டும்.